அமிர்தநாதன் பேரில் மூன்று விரல்

சேசு மரி சூசை

வெள்ளியோடை எஸ்டேட், ஏழாவது லயம்,
ஏலப்பாறை.
8 ஜூலை 2024

தம்பி ஏசுரத்தினத்துக்கு அக்காள் கத்தரீனாள் எழுதுவது. பதினான்கு வருஷம் கழித்து என் கையெழுத்தைப் பார்க்கிறாய், கிழித்துப் போட்டுவிடாதே. போன் நம்பரும் கிடைத்தது. ஆனால் போனில் இரண்டு பேரும் கத்திவிட்டு வைத்துவிடுவோம். கடிதத்தில் ஒருவர் முடித்த பிறகுதான் அடுத்தவர் பேச முடியும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன். பிழை இருந்தால் திருத்தி வாசித்துக்கொள்.

முதலில் பிள்ளைகள் சங்கதி. என் மகன் அமிர்தநாதனின் மூத்தவள் சோனா, ஐந்தாம் வகுப்புக்கே கன்னியர் மடத்துப் பள்ளியில் இடம் வாங்கியவள், நர்ஸ் படிப்பு முடித்து எர்ணாகுளத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். நம் லயத்து வரிசை வீடுகளிலிருந்து அந்த மடத்துப் பள்ளிப் படி ஏறிய முதல் பிள்ளை அவள்தான். அடுத்தவன் ஷிஜு ஐ.டி.ஐ.யில் வயர்மேன் படிப்பில் ஜில்லாவுக்கே மூன்றாவது. கடைக்குட்டி வினோ பத்தாம் வகுப்பில் எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ். மலையாளக் கவிதை சொல்லிப் பரிசு வாங்கியிருக்கிறாள், தமிழ்ப் பிள்ளை! பங்குச் சாமியார் பூசையில் பேர் சொல்லி வாழ்த்தினார். கோயிலில் எத்தனை பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள் தெரியுமா?

இனி விஷயம். எஸ்டேட்டைப் பூட்டிய பிறகு அமிர்தநாதன் பாலக்காட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்தான். மே மாதம் இரும்புத் தகடு சரிந்து வலது மணிக்கட்டு நொறுங்கிப்போனது. ஒரு ஆப்பரேஷன் ஆகிவிட்டது. இன்னொன்று செய்தால்தான் விரல் மடங்கும். செப்டம்பர் முடிவதற்குள் செய்யாவிட்டால் நரம்பு இறுகிவிடும், பிறகு ஒரு தம்ளரைக்கூடப் பிடிக்க முடியாது என்கிறார் டாக்டர். அது இன்சூரன்ஸ் பணத்தில்தான் நடக்க வேண்டும். விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: இதற்கு முன் வேலையில் அடிபட்டு நஷ்டஈடு வாங்கியது உண்டா? இல்லை என்று எழுதினான். அவன் உடம்பில் ஒன்றும் படவில்லையே, வேறு என்ன எழுதுவான்?

விசாரிக்க இன்சூரன்ஸ்காரர்கள் ஒரு பெண்ணை அனுப்பினார்கள். பேர் யோகப்பிரியா. அவள் ஒரு பழைய விபத்துப் பட்டியலைத் தேடி எடுத்துவிட்டாள். அதில் இருக்கிறது: அமிர்தநாதன், தகப்பன் பேர், வெள்ளியோடை எஸ்டேட், வலது கை, மூன்று விரல் இழப்பு. அதை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் போயிருக்கிறாள். கட்டுக்கு வெளியே ஐந்து விரலும் இருக்கிறது. “ஏனுங்க, பேப்பர்ல மூணு வெரல் இல்லீங்க. உங்ககிட்ட அஞ்சும் இருக்குதுங்க. அப்ப நீங்க ஆருங்க?” என்று கேட்டாளாம்.

என் வயிற்றில் பிறந்தவனைப் பார்த்து நீ யார் என்கிறார்கள். எவனோ ஒருவன் அமிர்தநாதன் பேரை வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறான் என்று கம்பெனியில் பேச்சு. எல்லாம் நிற்கிறது.

அந்த மூன்று விரல் யாருடையது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ இருப்பதும் பாலக்காட்டு ஜில்லாதான். ஒரு நாள் பஸ் ஏறிப் போய் அந்தப் பெண்ணிடம் கையைக் காட்டிவிட்டு வா. அவள் விலாசம் பின்பக்கத்தில் இருக்கிறது.

அக்காள்
கத்தரீனாள்

*

வேலந்தாவளம்
19 ஜூலை 2024

அக்காளுக்கு,

இடது கையால் எழுதுகிறேன். கோணலாகத்தான் இருக்கும்.

நீ அனுப்பிய கடிதத்தைத் தோப்புக்காரர் காளிச்சாமிதான் கொண்டுவந்து கொடுத்தார். “ஏனுங்க ஏசு, உங்களுக்குக் காயிதம் போடறதுக்கும் ஆளிருக்குதுங்களா? நானு நீங்க தென்ன மரத்துல காச்சு உளுந்தவருன்னு இருந்தேனுங்க” என்று சிரித்தார். அக்காள் ஒருத்தி இருக்கிறாள் என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். பதினான்கு வருஷமாக அவருக்குக் காவல்காரனாக இருக்கிறேன், ஒரு தடவைகூட உன் பேரைச் சொன்னதில்லை.

பிள்ளைகள் சங்கதி வாசித்தேன். சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் சோனாவுக்கு மடத்துப் பள்ளியில் இடம் கிடைத்ததை எழுதினாயே, அவளைச் சேர்த்த அன்று என்ன நடந்தது என்று அடுத்த வரியில் எழுத உன் பேனாவில் மை இல்லாமல் போய்விட்டதா?

நான் எழுதுகிறேன். ஜூன் மாதம், பள்ளி திறந்த திங்கட்கிழமை. தகப்பனும் தாயும் இரண்டு பேரும் வந்தால்தான் சேர்ப்போம் என்று மதர் சொல்லிவிட்டார். அமிர்தநாதனுக்கு லீவு இல்லை. நான் சின்னக்கானலில் வேலை போய் உன் லயத்தில் வந்து உட்கார்ந்திருந்தேன். “ஏ ஏசு, சும்மாதான இருக்க. ஒரு நா மருமகன் பேருக்குப் போயிட்டு வா. பெரட்டுல பேரு கூப்பிடுறப்ப ஒரு சத்தம் குடுத்தா போதும்” என்று சொன்னது நீ. எஸ்டேட்டில் எத்தனையோ பேர் செய்வதுதான், நானும் போனேன். காலையில் ஆட்களை நிறுத்தி வைத்துப் பேர் வாசித்தார்கள். “அமிர்தநாதன்” என்றதும் “உண்டு” என்றேன். நான் செய்த குற்றம் அந்த ஒரு வார்த்தை. பத்து மணிக்கு, பாக்டரியில் தேயிலைக் கொழுந்து உருட்டும் மெஷின் மூன்று விரலை எடுத்துக்கொண்டது.

போனது என் விரல். செக்ரோல் ஏட்டில் இருந்தது அவன் பேர். அதனால் கேஸும் அவன் பேரில். “பேர மாத்துனா கேஸு நிக்காது, மருமகன் வேலையும் போயிரும்” என்று யூனியனில் இருந்த மொக்கையன் அண்ணாச்சி சொன்னார். சரி என்றேன். கிடைத்த நஷ்டஈட்டை அமிர்தநாதன் அப்படியே என் கையில் கொண்டுவந்து கொடுத்தான். அதில் எனக்குக் குறையே கிடையாது.

என் குறை வேறு. மறு வருஷம் ஊனமுற்றோர் பென்ஷனுக்கு எழுதிக் கொடுத்தேன். விரல் எப்படிப் போனது என்று பஞ்சாயத்து ஆபீசில் கேட்டார்கள். பாக்டரியில் என்றேன். உன்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். நீ என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாய்: “அவன எந்த மெஷினும் தொடல. குடிச்சுட்டு விறகு பொளக்கையில வெட்டிக்கிட்டான்.”

நான் குடித்து நீ பார்த்திருக்கிறாயா அக்கா? அன்று மத்தியான பஸ்ஸிலேயே மலையை விட்டு இறங்கிவிட்டேன்.

இப்போது வந்து கையைக் காட்டு என்கிறாய். முடியாது.

ஏசுரத்தினம்

*

சேசு மரி சூசை

ஏலப்பாறை
30 ஜூலை 2024

ஏசுரத்தினத்துக்கு,

மூன்று தரம் வாசித்தேன். முதல் தரம் கோபம் வந்தது. மற்ற இரண்டு தரம் என்ன வந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

குடித்தாய் என்று சொன்னது தப்பு. அது வாயில் வந்துவிட்டது, ஒத்துக்கொள்கிறேன். மெஷின் தொடவில்லை என்றேனே, அதற்குக் காரணம் இருந்தது. பஞ்சாயத்து கிளார்க்குக்குப் பக்கத்து ஸ்டூலில் நம் எஸ்டேட் ஆபீஸ்காரர் உட்கார்ந்திருந்தார். நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன். உண்மையைச் சொல்லியிருந்தால் மறுநாள் அமிர்தநாதன் பேர் செக்ரோலில் இருக்காது. நாங்கள் ஆறு பேரும் சட்டிபானையோடு லயத்தை விட்டு இறங்க வேண்டியதுதான். ஒரு பக்கம் உன் ஒரு கை, மறு பக்கம் ஆறு தலை. அந்த இடத்தில் நின்றிருந்தால் நீயும் அதைத்தான் சொல்லியிருப்பாய்.

சரி, என் மேல் உனக்குக் கோபம். அமிர்தநாதன் உனக்கு என்ன கெடுதல் செய்தான்? நீ ஆஸ்பத்திரியில் கிடந்த இருபத்திரண்டு நாளும் உனக்குச் சோறு ஊட்டியது யார்? தாய்மாமன் என்று உன்னைத் தவிர அவனுக்கு யார் இருக்கிறார்கள்?

போன வியாழக்கிழமை அந்த யோகப்பிரியா இங்கேயே வந்துவிட்டாள். உங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பெண்ணாம். மலை ஏறிய களைப்பில் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“பாட்டி, நெசத்தச் சொல்லுங்கோ. ரெண்டு அமிர்தநாதன் இருக்கறாங்களா?”

“ஒருத்தன்தான் தாயி. நான் பெத்தவன்.”

“அப்ப வெரலு?”

டீ போடுகிறேன் என்று எழுந்து உள்ளே போனேன். அடுப்படிக்கே பின்னால் வந்துவிட்டாள். “பாட்டி, டீ குடிக்கறதுக்கு நானு பாலக்காட்டுலருந்து வல்லீங்க” என்றாள்.

“குடிக்காமப் போனா இந்த லயத்துல ஒருத்தரும் உங்கூடப் பேச மாட்டாக” என்றேன். சிரித்துவிட்டாள். கெட்ட பெண் இல்லை.

அவள் சொன்னது இதுதான். பட்டியலில் ஒரு வரிதான் இருக்கிறது, அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. கேஸ் கட்டையே பார்க்க வேண்டும். விண்ணப்பம், டாக்டர் எழுதிய ரிப்போர்ட் எல்லாம் அதில்தான் இருக்கும். லேபர் ஆபீசில் கேட்டால் கேஸ் நம்பரையாவது வருஷத்தையாவது சொல்லு என்கிறார்களாம். பட்டியலில் இரண்டும் இல்லை. “அந்த பைலு கெடச்சா உள்ள இருக்கறது ஆருன்னு தெரிஞ்சிரும் பாட்டி. கெடைக்கலீன்னா நானு ‘ஆள் சந்தேகம்’னுதான் எழுதிக் குடுக்கோணும். அப்பறம் ஒண்ணும் பண்ண முடியாதுங்க.”

உன் பேரை நான் சொல்லவில்லை. நீ சரி என்று சொல்லாமல் சொல்லக் கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். நாள் போய்க்கொண்டிருக்கிறது தம்பி.

கத்தரீனாள்

*

வேலந்தாவளம்
9 ஆகஸ்ட் 2024

அக்காளுக்கு,

நீ வாயைக் கட்டினால் போதுமா? உன் லயத்தில் டீ குடித்த வீட்டிலெல்லாம் அந்தப் பெண்ணிடம் என் பேரைச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை தோப்புக்கே வந்துவிட்டாள்.

துண்டுக்குள் கையை வைத்துக்கொண்டு நின்றேன். “ஐயா, அந்தக் கையக் கொஞ்சம் காட்டறீங்களா?” என்றாள். காட்டினேன். “எப்புடிப் போச்சுங்க?”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “எந்த மெஷினும் தொடலம்மா. குடிச்சுட்டு விறகு பொளக்கையில வெட்டிக்கிட்டேன்.” ஒரு எழுத்து மாற்றவில்லை. அவள் எழுதிக்கொண்டாள். கையெழுத்துக் கேட்டாள், போட மாட்டேன் என்றேன். போய்விட்டாள்.

பதினான்கு வருஷம் இந்தத் திருப்பி அடிக்கும் நாளுக்காகக் காத்திருந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அடித்துவிட்டேன். ஆனால் கை சும்மா இருந்த மாதிரிதான் இருக்கிறது.

காளிச்சாமி தென்னைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் போனதும் வந்தார். “ஏனுங்க ஏசு, நம்முது கள்ளுத் தோப்புங்க. மரத்தச் சுத்தி நிக்கறவன் பூராக் குடிக்கறான். இத்தன வருசத்துல நீங்க ஒரு சொட்டு நாக்குல வெச்சதில்லீங்க. அந்தப் புள்ளைகிட்ட எதுக்குங்க இப்புடிச் சொன்னீங்க?”

கிணற்று மேட்டுப் பக்கம் போய்விட்டேன்.

அமிர்தநாதன் சோறு ஊட்டியதை நான் மறக்கவில்லை. அவன் கை முடங்க வேண்டும் என்று நினைக்கிறவன் இல்லை நான். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபத்தில் இல்லை. நாற்பத்தெட்டு வயதில் எனக்கு மூன்று விரல் போனது. ஆஸ்பத்திரிச் சீட்டில், கேஸில், யூனியன் நோட்டில், எதிலாவது ஒரு இடத்தில் அது ஏசுரத்தினத்துக்குப் போனது என்று எழுதியிருக்கிறதா? அமிர்தநாதனை நீ யார் என்று கேட்டதற்கு உனக்கு வயிறு எரிகிறது. என்னை ஒருவரும் கேட்கவே இல்லையே அக்கா.

ஏசுரத்தினம்

*

சேசு மரி சூசை

ஏலப்பாறை
24 ஆகஸ்ட் 2024

அன்புள்ள தம்பி ஏசுரத்தினத்துக்கு,

நீ கேட்டதற்குப் பதில் தேடிப் போனேன். அதனால்தான் இத்தனை நாள்.

மொக்கையன் அண்ணாச்சியைத் துணைக்குக் கூப்பிட்டேன். “பழசக் கிளறாத கத்தரீனா, எனக்கு முட்டு வலி” என்று படுத்துக்கொண்டார். தனியாகவே லேபர் ஆபீசுக்குப் பஸ் ஏறினேன். கேஸ் அமிர்தநாதன் பேரில் இருப்பதால் அவன்தான் கேட்க வேண்டுமாம். அவன் இடது கையால் எழுதி எனக்கு அதிகாரம் கொடுத்த கடிதத்தை யோகப்பிரியா தபாலில் அனுப்பியிருந்தாள்.

பைல் அறையைப் பார்த்துக்கொள்கிறவள் ஷீனா என்று ஒரு பெண். மலையாளத்துப் பெண், ஆனால் நல்ல பெண். “அம்மச்சீ, கேஸ் நம்பர் உண்டோ?” இல்லை என்றேன். “வர்ஷமெங்கிலும் அறியாமோ?” வருஷமாவது தெரியுமா என்கிறாள்.

எனக்கு எந்த வருஷமும் நம்பராகத் தெரியாது. “சோனா மடத்துப் பள்ளியில அஞ்சாங் கிளாசு சேந்த வருஷம்” என்றேன். பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். ஷீனா சிரிக்கவில்லை. அந்தச் சோனா எந்த வருஷம் பத்தாம் வகுப்பு முடித்தாள் என்று கேட்டாள். அது தெரியும், சர்ட்டிபிகேட் பெட்டியில் இருக்கிறது, எத்தனை தடவை எடுத்துப் பார்த்திருக்கிறேன். இரண்டாயிரத்துப் பதினைந்து. நானும் அவளுமாக விரலை மடக்கிப் பின்னால் எண்ணினோம். பத்து, ஒன்பது, எட்டு, ஏழு, ஆறு, ஐந்து. இரண்டாயிரத்து ஒன்பது ஜூன். எண்ணும்போதுதான் தம்பி, நீ எழுதியது எனக்கு உறைத்தது. அந்த வருஷத்தைப் பிள்ளைகளை வைத்தே கண்டுபிடித்தேன். உன்னை வைத்து எண்ண எனக்குத் தோன்றவே இல்லை.

இரண்டு மணி நேரம் கழித்து, சிவப்பு நாடா கட்டி, ஓரமெல்லாம் பூச்சி தின்ற கட்டு ஒன்று வந்தது. ஷீனா வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னாள். பேர் அமிர்தநாதன். வயது முப்பத்து மூன்று என்று சொல்கிறார். கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் இடது பெருவிரல் ரேகை. அமிர்தநாதனுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், உன் வலது கையில் கட்டு இருந்ததால் உன் ரேகையைப் பதித்தார்கள், ஞாபகம் இருக்கிறதா?

பிறகு டாக்டர் ரிப்போர்ட். மேலே எல்லாம் அவன் பேர்தான். கீழே அடையாளம் என்று ஒரு வரி: இடது காதுக்குக் கீழே பழைய சூட்டுத் தழும்பு.

அதை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னேன். அது பட்டபோது உனக்கு ஐந்து வயது, எனக்குப் பதிமூன்று. அம்மா கொழுந்துக்குப் போயிருந்தாள். கொதிக்கிற கஞ்சியை இறக்கும்போது நீ என் பாவாடையைப் பிடித்து இழுத்தாய், உன் மேல் சிந்திவிட்டேன். அந்தத் தழும்பு நான் போட்டது. எல்லாரும் சேர்ந்து உன்னை வேறு ஒருவன் ஆக்கிவிட்டோம். அந்த டாக்டர் மட்டும் யார் பேச்சையும் கேட்காமல், முன்னால் நிற்கிறவனைப் பார்த்து எழுதியிருக்கிறார். உன் பேர் அந்தக் கட்டில் ஒரு இடத்திலும் இல்லை. ஆனால் நீ இருக்கிறாய்.

ஷீனாவிடம் வெள்ளைத்தாள் வாங்கி அங்கேயே எழுதினேன். “வெள்ளியோடை எஸ்டேட் கத்தரீனாள் என் சொந்த அறிவில் எழுதிக் கொடுப்பது. மூன்று விரல் போனது என் தம்பி ஏசுரத்தினத்துக்கு. என் மகன் பேரில் அன்று அவனை வேலைக்கு அனுப்பியது நான். மெஷின்தான் எடுத்தது. குடித்துவிட்டு வெட்டிக்கொண்டான் என்று பஞ்சாயத்து ஆபீசில் நான் சொன்னது பொய். அவன் குடிக்கிறவன் அல்ல.”

ஷீனா வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். “அம்மச்சீ, இது பிரஸ்னமாகும்” என்றாள், வம்பாகிவிடும் என்று.

“ஆகட்டும் மோளே. எழுபத்தொரு வயசாச்சு. இனி எந்தச் செக்ரோல்லருந்து என் பேர வெட்டப் போறாக?”

அதையே மூன்று பிரதி எழுதினேன். ஒன்று அந்தக் கட்டில் வைக்க, ஒன்று யோகப்பிரியாவுக்கு, ஒன்றை நானே பஞ்சாயத்து ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவந்தேன். இந்தத் தடவை ஸ்டூலில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்க்கவில்லை.

நீ வர வேண்டாம். யோகப்பிரியா உன் ரேகை வேண்டும், ஆள் வேண்டும் என்றுதான் சொல்கிறாள். உன்னைக் கேட்க எனக்கு வாயில்லை. முதல் கடிதத்திலேயே இதைத்தான் எழுதியிருக்க வேண்டும், பிள்ளைகள் பெருமையை எழுதிக்கொண்டிருந்தேன்.

உன் அக்காள்
கத்தரீனாள்

*

வேலந்தாவளம்
8 செப்டம்பர் 2024

அக்கா,

திங்கட்கிழமை போனேன். காளிச்சாமி தன் மொபெட்டில் பாலக்காடு வரைக்கும் கூட்டிப்போனார். வழியெல்லாம் ஒரே பேச்சு. “ஏசு, ஆபீசுல போயி நெட்டுக்குத்தலா நிக்காதீங்க, நாலு வார்த்த பேசுங்க. தோப்புலதான் மரமாட்ட இருக்கறீங்க” என்றார்.

அந்தப் பெண் என்னைப் பார்த்ததும் முதலில் காதுக்குக் கீழேதான் பார்த்தாள். பிறகு மேஜையில் கேஸ் கட்டின் நகலை விரித்தாள்.

“போன தடவ குடிச்சு வெட்டிக்கிட்டேன்னு சொன்னீங்களே ஐயா?”

“அது எங்க அக்கா வார்த்தம்மா. இன்னைக்குச் சொல்றது என் வார்த்த.”

எல்லாவற்றையும் சொன்னேன். பெரட்டில் “உண்டு” என்றதிலிருந்து. ஒரு தாளில் இடது பெருவிரலை வைத்து எடுத்து, பழைய ரேகைக்குப் பக்கத்தில் வைத்துக் கண்ணாடி போட்டுப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். ரேகை பார்க்கிற ஆபீசர் ஒருவரிடம் அனுப்பி எழுதி வாங்குகிறேன் என்றாள். பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

“ஐயா, ஒண்ணு சொல்லோணும். மிசினு நெசம், வெரலு நெசம். பேரு மட்டுந்தான் பொய்யி. ஆனா வேற ஒருத்தர் பேர்ல கேஸுல நின்னதுக்கு உங்க மேல என்ன வருமுன்னு என்னால சொல்ல முடியாதுங்க. கையெழுத்துப் போடறதுக்கு முன்னால ரோசன பண்ணிக்குங்க.”

“வரட்டும்மா. வந்தா ஏசுரத்தினம்னுதான கூப்பிடுவாக?” என்றேன்.

காளிச்சாமி பின்னாலிருந்து இருமினார். அந்தப் பெண் தாளை என் பக்கம் தள்ளினாள். இடது கையால் என் முழுப் பேரையும் எழுதினேன். பாதித் தாளை அடைத்துக்கொண்டது.

அங்கிருந்து அமிர்தநாதன் தங்கியிருக்கும் அறைக்குப் போனேன். கதவைத் திறந்தவன் “மாமா” என்றான். டீ வாங்கிவந்து வைத்தான், ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் வைத்தான். அவனுக்கு வலது கை கட்டு, எனக்கு வலது கையில் விரல் இல்லை. இரண்டு பேராலும் அந்தப் பாக்கெட்டைப் பிரிக்க முடியவில்லை. ஒரு முனையை அவன் இடது கையால் பிடித்தான், மறு முனையை நான். இழுத்ததில் பிஸ்கட் அத்தனையும் தரையில். பதினான்கு வருஷத்துக்குப் பிறகு அவன் சிரித்துப் பார்த்தேன். உன்னை மாதிரிதான் சிரிக்கிறான், தோள் குலுங்க.

கஞ்சி சிந்தியது எனக்கு ஞாபகமே இல்லை அக்கா. யாரோ போட்ட தழும்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தம்பி
ஏசுரத்தினம்

*

சேசு மரி சூசை

ஏலப்பாறை
22 செப்டம்பர் 2024

அன்புள்ள தம்பிக்கு,

ரேகையும் ரேகையும் ஒன்று என்று எழுதி வந்துவிட்டதாம். யோகப்பிரியா ரிப்போர்ட் கொடுத்துவிட்டாள். கம்பெனியில் கை நொறுங்கியவன்தான் அமிர்தநாதன் என்று இன்சூரன்ஸ்காரர்கள் ஒத்துக்கொண்டார்கள். வருகிற வியாழக்கிழமை ஆப்பரேஷன். நான் செவ்வாய்க்கிழமையே அங்கே வந்துவிடுவேன். விரல் முழுசாக மடங்குமா என்று டாக்டர் இன்னும் உறுதி சொல்லவில்லை. கெடுவுக்குள் செய்கிறோம் என்கிற வரைக்கும் நிம்மதி.

லேபர் ஆபீசிலிருந்து எனக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. பழைய கேஸில் பேர் மாறியது பற்றி நவம்பரில் விசாரணை. உனக்கும் வரும். என்ன ஆகும் என்று தெரியாது, பயம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்தத் தாளை வினோவிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். “விரல் இழந்தவராகச் சொல்லப்படும் ஏசுரத்தினம்” என்று அதில் அச்சடித்திருக்கிறது. சொல்லப்படுமாம்! விசாரணை முடிந்ததும் அந்த ஒரு வார்த்தையை அடித்துவிடச் சொல்ல வேண்டும். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போவோம்.

இன்னொரு வேலை இருக்கிறது. பஞ்சாயத்து ஆபீசில் இப்போது இருக்கிற கிளார்க் நான் கொடுத்த தாளை எடுத்து வாசித்துவிட்டுக் கூப்பிட்டு அனுப்பினார். உன் பென்ஷன் விண்ணப்பத்தை நீ இருக்கும் பஞ்சாயத்தில் புதிதாகக் கொடுக்க வேண்டுமாம். அதோடு வைக்க இங்கிருந்து என் சாட்சியைச் சரிபார்த்து அனுப்புவாராம். “அம்மச்சி, பேரை மட்டும் எழுதினால் போதாது, இன்ன ஆள் என்று தெரிய வேண்டும், தாளில் அவர் படத்தை ஒட்டிக் கொண்டுவாருங்கள்” என்றார். சரிதானே, பேரை மட்டும் வைத்து நாம் என்னவெல்லாம் செய்துவிட்டோம்.

அதனால் புதிதாக ஒரு போட்டோ எடு. காளிச்சாமியிடம் சொல்லிப் பாலக்காட்டில் நல்ல கடையாகப் பார்த்துப் போ. தலையை ஒரு பக்கமாகச் சாய்க்காதே, காதுக்குக் கீழே தெரியட்டும். வலது கையைத் துண்டுக்குள் வைக்காமல் நெஞ்சுக்கு நேரே வைத்துக்கொள். இரண்டு பிரதி போடச் சொல். ஒன்று பஞ்சாயத்துக்கு. இன்னொன்று எனக்கு. மடங்காமல் அட்டைக்குள் வைத்து, ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பு.

உன் அக்காள்
கத்தரீனாள்